நாலு விரல் வேலி

சேகர் பொய் சொல்கிறான். ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே நாலு பேர் இலை முன்னால் உட்கார்ந்தாலும் அந்த வேலிக் கதையை எடுத்துவிடுகிறான். "நான் வேணாம் வேணாம்னு தலையால அடிச்சிக்கிட்டேன், மாமா கேக்கவே இல்ல" என்கிறான். பாயசம் ஊற்றுகிறவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

சேகர் என் மனைவி மல்லிகாவின் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். எனக்கு நாசூக்காக எழுத வராது. அன்றைக்கு நான் செய்தது முட்டாள்தனம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி அவனுடையது. அந்தப் பாதியைத்தான் கேட்கிறேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் மல்லிகா ஒரு மனை வாங்கினாள். அவள் பேரில், அவள் சம்பாத்தியத்தில். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துச் சேர்த்தது. அந்தப் பத்திரத்தில் என் பங்கு ஒரு கையெழுத்து. அதுவும் சாட்சிக் கையெழுத்து.

பின் மனைக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். வீடு கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு எங்கள் மனைக்குள் ஒன்றரை அடி வந்திருந்தது. நானாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். மல்லிகா கத்தவில்லை. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தாள். அவர் முளை அடித்த இடத்திலேயே மூலைக்கல்லை நட்டு, அடியில் கான்கிரீட் போட்டாள். வாத்தியார் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"சரிம்மா. நாளைக்கு நாலு மணிக்கு மேஸ்திரியோட வரேன். அப்ப உங்க கல்லு எங்க நிக்குதோ, அதான் என் எல்லை. ஆனா வேலி இருக்கணும். வெறுங்கல்லா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன், என் கோட்டுப்படி தோண்டிடுவேன்."

ஒரே நாளில் வேலி. ஆள் வைத்து ஒவ்வொரு குச்சியாகக் கம்பி கட்டினால் மூன்று நாள் ஆகும். மல்லிகா அதற்கும் வழி வைத்திருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வேலி கட்டும் தேவகி அக்கா வந்து இறங்கினார். கூடவே சவுக்குக் குச்சிக் கட்டுகள், கம்பிச் சுருள்கள், அப்புறம் அந்த மெஷின்.

பார்க்க ஒன்றுமே இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் மேலிருந்து கீழாக நாலு பல்சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு ஓட்டை. நாலையும் சேர்த்து ஓட்டும் சைக்கிள் செயின். பக்கத்தில் கரும்புச்சாறு மெஷினில் இருப்பதுபோல ஒரு கைப்பிடி. (இதுக்கா இவ்வளவு பேச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் மனதுக்கு அப்போது வாய் அதிகம்.)

தேவகி அக்கா முன்பக்கக் கல்லிலிருந்து மூலைக்கல் வரைக்கும் நாலு ஜோடிக் கம்பிகளை இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு ஜோடியும் ஒரு சக்கரத்தின் இரண்டு ஓட்டைகளுக்குள் நுழைந்து போனது. மெஷின் தரையில் நிற்கவே இல்லை. அந்தக் கம்பிகளிலேயே தொங்கியது. ஒரு குச்சியை எடுத்து ஜோடிகளுக்கு நடுவே செருகி, கைப்பிடியை ஒன்றரைச் சுற்று சுற்றினார். கர்ர் என்றது. நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் கம்பி முறுக்கிக் குச்சியைக் கவ்விக்கொண்டது. ஆணி கிடையாது, முடிச்சு கிடையாது. மெஷின் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அடுத்த குச்சி. கர்ர். அது நகர்ந்துபோன இடத்தில் வேலி நின்றது.

நான் திறந்த வாயை மூடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஓர் அறை அளவுக்கு மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் தினமும் நிற்கிறேன், ஒருநாளும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதில்லை. இந்தச் சைக்கிள் செயின் முன்னால் தோன்றியது. ஓர் ஆள், ஒரு கை, ஒரு கைப்பிடி. பொட்டலாகக் கிடந்த இடம் ஐந்து நிமிடத்தில் யாரோ ஒருத்தருடைய இடமாக மாறிவிடுகிறது.

"இன்னா நைனா, மிஷினைப் பாத்துகினே நிக்கிறே? ஊட்ல டிவி இல்லியா?" என்றார் தேவகி அக்கா.

"இத யாருக்கா செஞ்சது?"

"எங்கூட்டுக்காரு. பூந்தமல்லில பட்டறை வெச்சிகீறாரு. வேலி கட்டிக் கட்டி வெரல்லாம் கிழியுதுயான்னு ஒரு நாளு அழுதேன். ஆறு மாசம் ஒண்ணும் பேசல. அப்பால இத்த கொணாந்து நிறுத்துனாரு. எதுனா நகை வாங்கியாந்தியான்னு கேட்டேன். இதான் நகைன்னாரு."

மல்லிகாவுக்கு நான் செய்துகொடுத்தது ஒரு சப்பாத்திக் கட்டை. அதுவும் ஒரு பக்கம் பருமன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் முதல் குச்சிக்கு வலப்பக்கம் சுற்றினால் அடுத்ததற்கு இடப்பக்கம் சுற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணு இந்தாண்ட, ஒண்ணு அந்தாண்ட. அதான் கணக்கு. ஒரே பக்கமா சுத்திகினே போனா, மிஷினுக்கு அந்தாண்ட கீற கம்பியும் சேந்து முறுக்கிக்கும். முறுக்குனா கம்பி குட்டையாவும். அப்பால அந்தக் கல்லு நடந்து உன்கிட்ட வரும். நேத்து நட்ட கல்லு, கான்கிரீட்டு இன்னும் காயல."

இதை நான் காதால் கேட்டேன். லேத் ஓட்டுகிற எனக்கு நன்றாகப் புரியவும் செய்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதினொன்றரைக்குச் சேகர் வந்தான். அவன் மாதாமாதம் கிரிவலம் போகிறவன். அவன் பேச்சில் வடகிழக்கு மூலை வராமல் ஒரு வாக்கியம் முடியாது. மண்ணுக்குப் பூஜை போடாமல் வேலி போடுவதா என்று குதித்தான். கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் அவனே கொண்டுவந்திருந்தான். என் பேன்ட்டைக் கழற்றவைத்துச் சிவப்புக் கரை போட்ட வேட்டியைக் கட்டவைத்தவனும் அவன்தான். நாலு சக்கரத்துக்கும் குங்குமம் வைத்தான்.

"மிஷினுக்குப் பொட்டு வெச்சிட்டீங்க, தாலி எப்போ?" என்றார் தேவகி அக்கா.

பூஜை முடிந்து அவரும் மல்லிகாவும் ஸ்கூட்டரில் மெயின் ரோட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். எங்களுக்குப் பார்சல். போகும்போது தேவகி அக்கா திரும்பிப் பார்த்து, "கை வெக்காத நைனா" என்றார். பெயர் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

ஏழு நிமிடம் தாங்கினேன்.

ஒரு குச்சியைச் செருகி வலப்பக்கம் சுற்றினேன். கர்ர். ஐயா, அந்தச் சத்தம் கை வழியாக உள்ளே போகிறது. அடுத்த குச்சியைச் செருகி இடப்பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"மாமா! நில்லுங்க!" என்றான் சேகர். "இடமா சுத்தாதீங்க."

"அந்தக்கா அப்படித்தான்டா சொன்னாங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்."

"அது பூஜைக்கு முன்னாடி மாமா. இப்ப பொட்டு வெச்சாச்சு. கோயில்ல யாராவது பாதி வலம், பாதி இடம்னு சுத்துவாங்களா? அதுவும் அக்கா மனை. இடமா சுத்துனா குடும்பத்துக்கு ஆகாது."

அது பூஜைக்கு முன்னாடி. இந்த மூன்று சொல்லை நான் கற்பனை செய்யவில்லை. என்னால் இப்படி ஒன்றைக் கற்பனை செய்யவும் முடியாது, அதற்குப் படிப்பு வேண்டும். குடும்பத்துக்கு ஆகாது என்றதும் எனக்கு இருந்த கொஞ்ச மூளையும் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வலமாகவே சுற்றினேன்.

அவன் செருகினான், நான் சுற்றினேன். பதினோரு குச்சி. கைப்பிடி வர வர இறுகியது.

"பாத்தியா, என்னா உறுதி!" என்றேன்.

"பாசிட்டிவ் எனர்ஜி மாமா" என்றான்.

எனக்குப் பின்னால், மெஷினுக்கும் மூலைக்கல்லுக்கும் நடுவே எட்டுக் கம்பியும் சேர்ந்து நாலு கயிறாகத் திரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிய வேலியின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாவது குச்சிக்கு இரண்டு கையாலும் தொங்கி அரைச் சுற்று சுற்றியபோது போன் அடித்தது. மல்லிகா.

"ஏங்க, உங்களுக்குத் தயிர் சாதமா, லெமன் சாதமா?"

"தயி..." என்றேன். போனை எடுப்பதற்காகக் கைப்பிடியை விட்டிருந்தேன்.

அத்தனை நேரம் நான் ஊட்டிய முறுக்கை அந்த மெஷின் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. கைப்பிடி இடமாகச் சுழன்றது. காற்றாடி தோற்றுவிடும். அது என் வேட்டி முனையைப் பிடித்தது. வேட்டி செயினுக்குள் போனது, சக்கரத்துக்குள் போனது, கம்பிக்குள் போனது. நானும் நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். அது வலமா இடமா என்று சேகரிடம் கேட்க நேரம் இல்லை.

மெஷின் நின்றபோது நான் சட்டையோடும் கோடு போட்ட பட்டாப்பட்டி டிராயரோடும் நின்றேன். வேட்டி இரண்டு குச்சிக்கு நடுவே வேலியாகியிருந்தது. போனில் மல்லிகா, "என்னங்க, எது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பேன்ட் இருந்த பையைத் தேடினேன். அது ஸ்கூட்டரில் போயிருந்தது. சவுக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சேகர் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஸ்கூட்டர் வந்தது, பை வரவில்லை. சாப்பாட்டுக் கடை மேஜைக்கு அடியிலேயே மறந்து வைத்துவிட்டார்கள்.

தேவகி அக்கா கத்தவில்லை. கம்பியைப் பார்த்தார். பதினோரு குச்சியையும் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பக்கம். ஏன் நைனா?"

நான் சேகரைப் பார்த்தேன். சேகர் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு காக்காகூட இல்லை.

"ஏங்க..." மல்லிகாவின் குரல் மனையின் கோடியிலிருந்து வந்தது. மூலைக்கல் அடியோடு முன்னால், எங்கள் மனைக்குள் நகர்ந்திருந்தது. கல்லுக்குப் பின்னால் மண்ணில் ஒரு பிளவு. அதற்குள் அவள் கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் நுழைந்தது.

"புடுங்கி மறுபடி நட முடியுமாக்கா?" என்றாள்.

"நடலாம் கண்ணு. ஆனா அது காயாம நான் கம்பி இழுக்க முடியாது. நாலு மணிக்கு வேலி இருக்காது."

வேலி இல்லாவிட்டால் ஒன்றரை அடி போகும். வேலி வேண்டுமென்றால் நாலு விரல் போகும். மல்லிகா பிளவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கட்டுங்கக்கா" என்றாள்.

தேவகி அக்கா கைப்பிடியை இடமாகச் சுற்றினார். நாலு கயிறும் ஒவ்வொரு திரியாகப் பிரிந்து மறுபடி எட்டுக் கம்பியானது. என் பதினோரு குச்சியையும் பிடுங்கிப்போட்டுப் புதிதாகச் செருகினார். அந்த நிலைமையிலும் நான் பிரமித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அவமானப்படுத்திவிட்டு, சரியான கை பட்டதும் அந்த மெஷின் பசுமாடு மாதிரி நடந்தது. வேட்டி மட்டும் முழுசாக வரவில்லை. வந்ததைக் கத்தரித்து எடுத்தார். கிழிசலில் ஒரு குழந்தைக்குக்கூட இடுப்பில் கட்ட முடியாது.

பையை எடுத்துவர, அது கிடைக்காவிட்டால் வேறு வேட்டி வாங்கிவரச் சேகரை அனுப்பினாள் மல்லிகா. (அவன் ஐந்து மணிக்கு வந்தான். பிரியாணி வாசனையோடு வந்தான்.) இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு சங்கடம். நான் ஒளிந்திருந்தது சவுக்குக் குச்சிக்குப் பின்னால். வேலிக்குப் போய்க்கொண்டிருந்ததும் அதே குச்சிதான். தேவகி அக்கா ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க என் மறைவு குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணிக்கு நெஞ்சு வரை இருந்தது. மூன்றரைக்கு இடுப்பு வரை. நாலு மணிக்கு நான் படுத்துவிட்டேன்.

வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். வேலி முடிந்திருந்தது. தட்டிப் பார்த்தார்.

"சார் ஏம்மா அங்க படுத்திருக்காரு?"

"மிச்சக் குச்சிய எண்ணிட்டு இருக்காரு" என்றாள் மல்லிகா.

"ஒம்பது இருக்கு சார்" என்று அங்கிருந்தே சொன்னார் வாத்தியார்.

அப்புறம் கல்லைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "கல்லு எங்க நிக்குதோ அதான் எல்லைன்னேன். சொன்ன வார்த்தை மாற மாட்டேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் எழுந்து, "சார், கல்லு நகந்துபோச்சு, அந்தப் பிளவுதான் சரியான இடம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, கேட்டிருப்பார். ஆனால் அதைச் சொல்ல எழுந்து நிற்க வேண்டும். நான் எழவில்லை. ஒரு பட்டாப்பட்டியை மறைக்க என் மனைவியின் மண்ணில் நாலு விரலைக் கொடுத்துவிட்டேன்.

மல்லிகா இன்றுவரை அதற்காகத் திட்டியதில்லை. நான் எங்கேயாவது "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும், கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டுகிறாள். கேஸ் அடுப்பைப் பிரித்தால் நாலு விரல். மிக்ஸியைத் திருகினால் நாலு விரல். இப்போது என் பெண்ணும் காட்டுகிறாள், வீடியோ காலில்.

வேலி இன்னும் அப்படியே நிற்கிறது. ஒரு குச்சி ஆடவில்லை. இரண்டு குச்சிக்கு நடுவே வெளுத்துப்போன சிவப்புக் கரை இன்னும் தெரிகிறது. அங்கே போகும்போதெல்லாம் அந்த முறுக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்று இந்தாண்ட, ஒன்று அந்தாண்ட. அந்த மெஷினைச் செய்த மனிதரின் காலைத் தொட வேண்டும்போல இருக்கும்.

அடுத்த மாதம் சேகர் பட்டாபிராமில் புது வீடு புகுகிறான். மைக்செட் உண்டு. கதையும் உண்டு. தேவகி அக்காவையும் நான் அழைத்திருக்கிறேன், முன்வரிசையில் உட்காருவார். சேகர், அத்தனை பேர் நடுவில், மைக்கைப் பிடித்துப் பதில் சொல். "அது பூஜைக்கு முன்னாடி" என்று சொன்னது யார்? அந்த அக்கா "ஏன் நைனா" என்று கேட்டபோது வானத்தில் என்ன பார்த்தாய்? சொல்லி முடித்ததும் உன் அக்கா கையைத் தூக்குவாள். அதில் இரண்டு விரல் என்னுடையது. மிச்ச இரண்டை நீயே உன் கையால் தூக்கிக் காட்டு.