பத்மாவுக்காக மாப்பிள்ளை விசாரித்த கதை

பாசத்துக்கு ஒரு சிலை வைப்பது என்று அரசாங்கம் என்றைக்காவது முடிவு செய்தால், நகரி பவர்லூம் எத்திராஜைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தகுதி கிடையாது. சிலைத் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம். பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய் காருக்குப் போர்த்துவார்.

காரின் பெயர் பத்மா. வெள்ளை நிறம், வயது ஒன்பது. அவள் ஷோரூம் படி தாண்டிய தேதி, மணி, நட்சத்திரம் மூன்றும் எத்திராஜுக்கு மனப்பாடம். மகள் மோனிகா பிறந்த தேதியைக் கேட்டால், "அன்னிக்கு மழை பேஞ்சிக்கினு இருந்தது" என்பார்.

வருடா வருடம் பத்மாவின் பிறந்த நாளுக்குத் திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில் பூஜை. மாலை, கற்பூரம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். எத்திராஜ் காரில் போவார். மனைவி துர்காதேவியும் மோனிகாவும் பின்னால் பஸ்ஸில் போவார்கள். மூன்று பேர் ஏறினால் பத்மாவுக்கு மூச்சு வாங்குமாம். மோனிகா சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். இரண்டு டன் சரக்கை அலுங்காமல் தூக்கி வைப்பாள். வீட்டு ஸ்டியரிங்கைத் தொட மட்டும் அவளுக்கு 'அனுபவம் போதாது'.

இப்படிப்பட்டவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். வேகமாகப் பார்த்தார். சித்தூரிலிருந்து ஹேமநாத் வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி ஆறுவதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது.

"பையன் எப்படின்னு ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா?" என்றாள் துர்காதேவி.

"மூஞ்சைப் பாத்தாலே தெரியல? மனுசன நம்பணும்மே."

"நைனா, எனக்கு ஒரு வாரம் டைம் குடு" என்றாள் மோனிகா.

"ஒரு வாரமா? நீ இன்னா டயரா வாங்கப் போற?"

பத்திரிகை அடித்து வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மா போன் செய்தார். "அண்ணா, நாங்க பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த வெள்ளைக் கார் சும்மா மூடித்தானே கீது? பொண்ணோட அதையும் அனுப்பிச்சுடுங்க."

அன்று முழுக்க எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "முன்னபின்ன தெரியாதவன் கையில எப்படிக் குடுக்கறது?" என்று கண் கலங்கினார். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாளே 'ஒருநபர் விசாரணைக் கமிஷன்' பஸ் ஏறிச் சித்தூருக்குப் புறப்பட்டது. பத்மாவை அழைத்துப் போகவில்லை. அவள் காதில் விழக் கூடாத சங்கதிகள் இருக்கலாம். மூன்று நாள், மூன்று டீக்கடை, இரண்டு மெக்கானிக். கடைசியாக ஹேமநாத்தின் எதிர்வீட்டு வெங்கடம்மா.

"தாகக்குண்டா உண்டே மஞ்சோடே" என்றார் வெங்கடம்மா. குடிக்காமல் இருந்தால் நல்லவன்தான்.

"எப்போ குடிக்காம இருப்பான்?"

வெங்கடம்மா வெகுநேரம் யோசித்தார். "போன மாசம் ஜுரம் வந்து படுத்துக்கினு இருந்தான். அப்போ."

"கோவம் வந்தா?"

"பைக்கு ஸ்டார்ட் ஆகலன்னு எட்டி ஒதைச்சான், கண்ணாடி ஒடைஞ்சுது. தடுக்கப் போன அவன் அக்காவுக்குக் கன்னத்துல வுட்டான், பல்லு ஆடிப்போச்சு."

எத்திராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, கண்ணாடியையா!"

ஊர் திரும்பியதும் நடுவீட்டில் நின்று அறிக்கையைச் சமர்ப்பித்தார். "குடிகாரன். முன்கோபி. கை நீட்டறவன். அவனுக்கு நான் குடுக்கறதா இல்ல."

மோனிகாவின் முகம் மலர்ந்தது. "அப்போ கல்யாணம் நின்னுபோச்சா நைனா?"

"கல்யாணம் எதுக்கு நிக்கணும்? பத்திரிகை அடிச்சாச்சு. பத்மாவைத்தான் குடுக்க மாட்டேன். அவனுக்குப் புதுசா ஒரு கார் வாங்கிக் குடுத்துடலாம்."

"அவன் அடிப்பான்னு நீயேதான சொல்ற?"

"அதான் பத்மாவைக் குடுக்கலையே! நீ படிச்ச பொண்ணு, அனுசரிச்சுக்குவ. அது வாயில்லாத ஜீவன்மா."

மோனிகா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். கார் உறையை உருவிப் போட்டாள். காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். இன்ஜின் உறுமியது.

"செருப்பு! செருப்பைக் கழட்டு!" என்று அலறியபடி ஓடிவந்தார் எத்திராஜ்.

கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. "சித்தூருக்குப் போறேன் நைனா. பத்மாவை அந்த ஆளு வாசல்ல நிறுத்தி, சாவியைக் கையில குடுத்துட்டு பஸ்ஸுல திரும்பி வந்துடறேன். பஸ்ஸு எனக்குப் பழக்கம்தான்."

எத்திராஜ் காருக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தார். விழுந்த நிலையிலேயே ரத்தினம்மாவுக்குப் போன் போட்டார். "சம்பந்தம் வேணாம்மா! குடிக்கிறவன், கை நீட்டறவன் வீட்டுக்குப் பெத்த மனசு எப்படிம்மா அனுப்பும்?"

குரல் உடைந்தது. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு முனிசாமி மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்பன்னா இவர்தான்டா அப்பன்" என்றார்.

இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. மோனிகா இறங்கினாள். எத்திராஜ் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அவளைத் தாண்டிப் போனார். சீட்டைத் தடவிப் பார்த்தார், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்ல."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டு துர்காதேவி கேட்டாள்: "யாருக்கு?"