வெண்தாடியும் அடிப்பிடித்த அண்டாவும்

கல்யாண நாளுக்கு மனைவியை எங்கேயாவது அழைத்துப் போவது என்று மீட்டர்காரர் தீர்மானித்தார். எங்கே என்பதை ஆறு மாதம் முன்பே தீர்மானித்தாயிற்று. மனைவிதான் புதிதாகச் சேர்ந்தது.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் குறிப்பது அவர் தொழில். பறவைகளை எண்ணுவது அவரைப் பிடித்த பைத்தியம். அந்த எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து, பழுதான மீட்டர் மாதிரி அசையாமல் நின்றுவிட்டது. இருநூறைத் தொட்டால் பறவை பார்ப்பவர்கள் சங்கத்தில் பித்தளை வில்லை ஒன்று தருவார்கள். அதைக் குத்திக்கொள்ளச் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அபூர்வப் பறவைக்கு வாய்ப்பேச்சு செல்லாது, படம் வேண்டும். அதுவும் வெட்டாமல் ஒட்டாமல், எடுத்தது எடுத்தபடி. சங்க விதி மூன்று.

அவர் குறிவைத்தது வெண்தாடித் தரைச்சிட்டு. கைக்குள் அடங்கும் பழுப்பு உடம்பு, மோவாயில் பஞ்சு ஒட்டியது போல ஒரு தாடி. மழைக்காட்டுக்கு நடுவே ஒரே ஒரு மலையில்தான் அது வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"மூணு பஸ் மாறி, அப்புறம் ஜீப்பா? அப்படி என்னங்க இருக்கு அந்த மலைல?"

"அமைதி இருக்கு. நீயும் நானும் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்கு என் சால்வைல பைனாகுலரைச் சுத்தி வச்சிருக்கீங்க?"

"நிலா பார்க்க."

"அன்னிக்கு அமாவாசைங்க."

மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒளிந்திருப்பதையே தேடிப் பிடிக்கிறவளுக்கு ஒரு துணிப்பை எம்மாத்திரம்? ஆனாலும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கவனித்திருக்க வேண்டும்.

மலை விடுதிக்குத் தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற கல். அங்கிருந்து தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடிப் புதருக்குள் போகும். தங்க வந்தவர்கள் இவர்கள் இருவர்தான். கவனித்துக்கொள்ள ஒரு சமையல்காரம்மா.

முதல்நாள் விடியற்காலை, "மூச்சுப் பயிற்சி" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நழுவினார். ஒன்பது மணிக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.

"பதினோரு அட்டைங்க. மூச்சு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"காடுன்னா கடிக்கத்தான் செய்யும்."

"நாங்க ரத்தம் எடுத்தா ரிப்போர்ட்டாவது குடுப்போம்."

இரண்டாம் நாள் அட்டை பதினாறு. சேற்றில் விழுந்ததில் கேமராவும் போயிற்று. மறுநாள் கல்யாண நாள், பத்து மணிக்குத் திரும்பிப் போக ஜீப் வந்துவிடும். மீட்டர்காரர் வாசற்படியில் உட்கார்ந்து உண்மையைக் கொட்டிவிட்டார். சிட்டு, தாடி, இருநூறு, வில்லை எல்லாம்.

மனைவி கோபிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"இத்துனூண்டு இருக்குமே, வாலை வாலை ஆட்டிக்கிட்டு? அதுவா?"

"நீ... பார்த்தியா?"

"ரெண்டு நாளும் பார்த்தேன். கல்லுக்கிட்ட வந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டாத்தான் வருமாம். சத்தம் நின்னா ஓடிடுமாம். இல்லக்கா?"

"ஆமாங்கய்யா," என்றாள் சமையல்காரம்மா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அப்ப நாளைக்கு நீங்க தேய்ங்கம்மா, நான் பார்க்கிறேன்."

"அக்காவுக்கு நாளைக்குக் காலைல லீவு குடுத்துட்டேனே," என்றாள் மனைவி.

"சரி, நீ தேய்."

"கல்யாண நாளன்னிக்கா?"

மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. சோப்பு பட்டால் தன் கை அரிக்கும் என்று கல்யாணமான மூன்றாம் நாளே அவர் சொல்லிவைத்திருந்தார். குளிக்கிற சோப்பு மட்டும் எப்படியோ ஒத்துக்கொண்டது. நான்கு வருஷமாக ஒரு கரண்டியைக்கூட அவர் நனைத்ததில்லை.

"கை அரிக்குமேங்க," என்றாள் மனைவி கவலையோடு. "வேண்டாம், விட்டுடுங்க. நூத்தித் தொண்ணூத்தொன்பதும் நல்ல நம்பர்தான்."

விடியற்காலை கல்லின் முன் குந்தினார். அடிப்பிடித்த அண்டா ஒன்று, வாணலி இரண்டு, தட்டுகள் ஒரு கோபுரம். தங்கியிருந்தது இரண்டு பேர், கிடந்தது இருபது பேர் பாத்திரம். மீட்டரில் ஒரு யூனிட் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவருக்கு இது உறைக்கவில்லை.

தேய்த்தார். தோள்பட்டை கழன்றது. அண்டாவில் முகம் தெரிய ஆரம்பித்தபோது புதர் அசைந்தது.

வந்தது. தாடியை முன்னால் நீட்டிக்கொண்டு, மேற்பார்வையிட வந்த பெரிய மனிதர் மாதிரி நடந்து வந்தது. ஈரக் கல்லில் நின்று அவரைப் பார்த்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் ஓடிவிடுமே! சிட்டு நிதானமாக ஒரு புழுவைத் தின்றது, வாலை ஆட்டியது, புதருக்குள் போய்விட்டது.

"ஐயோ, படம்!"

"எடுத்துட்டேங்க," என்றது சமையலறை ஜன்னல்.

ஓடிப்போய் மனைவியின் செல்போனை வாங்கிப் பார்த்தார். மூலையில் சிட்டு, இறகு இறகாகத் தெளிவாக இருந்தது. மீதி இடம் முழுக்க அவர். முழங்கை வரை சோப்பு, மடியில் அண்டா. மோவாயில் நுரை ஒட்டி, அவருக்கும் ஒரு வெண்தாடி.

"என்னை மட்டும் வெட்டிடலாமா?"

"விதி மூணுங்க. நீங்கதானே நேத்துச் சொன்னீங்க."

ஜீப் ஏறும்போது சமையல்காரம்மா வழியனுப்ப வந்தாள். "சத்தம் கேட்டு வருதே, ரொம்ப அதிசயமான பறவைம்மா," என்றார் மீட்டர்காரர்.

"சத்தமா? அது தினமும் காலைல புழு தின்ன வருங்கய்யா. பக்கத்துல டமாரம் அடிச்சாலும் நகராது. அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

ஜீப் கிளம்பிற்று. இரண்டாவது வளைவில் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் இப்படிப் பண்ணின?"

"கையைக் காட்டுங்க. அரிக்குதா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடிப்புகூட இல்லை. துரோகி கை.

"உங்க ரத்தத்தை நாலு வருஷம் முன்னாடியே டெஸ்ட் பண்ணிட்டேன். அலர்ஜியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா 'என் பிள்ளைக்குச் சோப்பு ஒத்துக்காது'ன்னு உங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்களே. ரிப்போர்ட் எல்லாம் அவங்களுக்குப் புரியாது. படம்னா புரியும்."

"அம்மாவுக்கு அனுப்பிட்டியா?"

"சேச்சே. புருஷனை நானே காட்டிக் குடுப்பேனா? நீங்க சங்கத்துக்கு அனுப்புங்க. வில்லை வந்ததும் எதுக்குக் குடுத்தாங்கன்னு உங்கம்மாவே படத்தைக் காட்டச் சொல்லிக் கேப்பாங்க."

பஸ் நிலையத்தில் சிக்னல் வந்தது. படத்தைப் பார்த்தார். சிட்டைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். மறுபடி சிட்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

பித்தளை வில்லை அடுத்த வாரமே வந்தது. மற்ற பாத்திரங்களோடு அதையும் இப்போது அவர்தான் தேய்க்கிறார்.