நோபிரேக் தோற்ற ஸ்லோ ரேஸ்

பெங்களூர் டிராஃபிக்கைப் பார்த்து உலகமே பயப்படுகிறது. அந்த டிராஃபிக்கே பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் நோபிரேக். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காலத்தில் டிராக் சைக்கிளில் மாநில சாம்பியன். சாய்ந்த சுவர்போல் எழும் ஓடுதளத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்து, கழுத்து கொள்ளாமல் மெடல் வாங்கி, அந்தப் புண்ணியத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கள் அல்சூர் ஆபீசுக்கு வந்து சேர்ந்தவர். சைக்கிளையும் கூடவே கொண்டுவந்தார். டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது.

"பிரேக் வெச்சா நிக்கணும்னு தோணும் குரு. தோணவே கூடாது," என்பார். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு நண்பர்கள் எல்லோரும் 'குரு'தான்.

நிறுத்த வேண்டுமானால் சுற்றுகிற பெடலைக் காலால் இறுக்குவார். அதற்குள் நீலசந்திரா சந்தில் ஓர் இளநீர் வண்டியும் கோழிக் குடும்பமும் சிதறியிருக்கும்.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று ஆட்டோக்காரர் கத்துவார்.

"எங்க செத்தேன்? ஓவர்டேக் பண்ணேன்!" என்ற பதில் அடுத்த தெருவிலிருந்து வரும்.

டிராக்கில் எப்போதும் இடப்பக்கச் சுற்றுதான். அதனால் தன் கால்களுக்கு வலது பக்கம் திரும்பவே தெரியாது என்று சொல்லிக்கொள்வார். வீடு நீலசந்திரா, ஆபீஸ் அல்சூர். இவரோ இடது இடதாகத் திரும்பி, பிரேசர் டவுனைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். அங்கே ஃபிலோமினாவின் வீடு இருந்தது தற்செயல் என்று நம்பியவர்கள் ஆபீசில் ஃபிலோமினா உட்பட யாருமில்லை.

ஃபிலோ எங்கள் பில் செக்‌ஷன். அவரும் முன்னாள் டிராக் சாம்பியன். சிக்கலே அதுதான். இருவர் மட்டும் மோதும் ரேஸ் ஒன்று உண்டு. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண்ணில்லை. பின்னால் இருப்பவர் சமயம் பார்த்துப் பாய்ந்துவிடுவார். ஆகவே, எதிராளியே முதலில் போகட்டும் என்று இருவரும் சைக்கிள்மேல் சிலைபோல் நிற்பார்கள். இந்த வித்தையைக் காதலிலும் காட்டினார்கள். அவர் சொல்லட்டும் என்று இவர், இவர் சொல்லட்டும் என்று அவர். நடுவில் நரை வந்து இருவரையும் ஓவர்டேக் செய்தது.

"சொல்லித் தொலைங்களேன் சாம்பியன்!" என்பேன் நான்.

"மொதல்ல போறவன் தோத்துடுவான் குரு."

ஆபீஸ் விளையாட்டு நாள் வந்தது. ஸ்லோ சைக்கிள் ரேஸ். கடைசியாய்க் கோட்டைத் தொடுபவருக்குப் பரிசு. கால் ஊன்றினால் அவுட். மற்றவர்களெல்லாம் பொத்துப் பொத்தென்று விழ, மிஞ்சியவர்கள் அவர்கள் இருவரும்தான். பக்கத்தில் பக்கத்தில், துளி அசைவில்லை. வர்ணிக்க எதுவுமில்லாமல் மைக் பிடித்தவர் பாட்டுப் போட்டுவிட்டார். மேனேஜர் ஷாமியானாப் பந்தலுக்குள் பிசிபேளாபாத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு காக்கை நோபிரேக்கின் ஹேண்டில்பாரைக் கூடுகட்டும் நோக்கில் பார்த்தது.

"நீங்க போங்க ஃபிலோ."

"நீங்க போங்க சாம்பியன்."

"லேடீஸ் ஃபர்ஸ்ட்."

"அடடா, நான் லேடீஸ்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

கூட்டம் சிரித்தது. ஃபிலோ சிரிக்கவில்லை.

"ஹூப்ளிக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுட்டாங்க. திங்கக்கெழம போறேன்," என்றார், முன்சக்கரத்தைப் பார்த்தபடி.

நோபிரேக்கின் முகத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன்: பயம். மறுநொடி பாய்ந்தார். கோட்டைத் தாண்டினார், ரேஸில் தோற்றார், அப்புறமும் போய்க்கொண்டே இருந்தார். நாற்காலிகள், கயிறு, மைக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேனேஜரின் மடியில், பிசிபேளாபாத்தின்மேல் இறங்கினார்.

"ஏன்ரீ இது!" என்று மேனேஜர் கன்னடத்தில் அலறினார்.

"சார், நனகூ ஹூப்ளி சார்! எனக்கும் ஹூப்ளி போட்டுடுங்க சார்!"

மைக் இன்னும் உயிரோடு இருந்தது. அல்சூரே கேட்டிருக்கும்.

"இப்பிடியா ஒரு ஆம்பள பொண்ணு கேப்பான்!" என்று மைதான நடுவில் சைக்கிள்மேல் நின்றபடியே கத்திய ஃபிலோ, கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தார். அப்போதும் விழவில்லை. சாம்பியன் அல்லவா?

கல்யாணம் முடிந்து இருவரும் ஹூப்ளி போய்விட்டார்கள். போன வாரம் நோபிரேக்குக்குப் போன் செய்தேன். வழியில் சைக்கிளை ஓரங்கட்டிப் பேசினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆபீஸ் போறோம் குரு. இங்க எதிர்க்காத்து ஜாஸ்தி. நான் முன்னாடி போயிடறேன். அவ மேல காத்து படாது பாரு."

அவர் குரலைவிடக் காற்றின் சத்தமே அதிகம் கேட்டது. அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.