வேர்க்காப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோல்ஃப் மைதானத்தில் பந்தைப் பார்க்க ஆளில்லை. பாதத்தைப் பார்க்கத்தான் கூட்டம். ஆடாமல் நிற்கக் கற்றுத்தரும் ‘நிலைப்பாட்டு வித்தகர்’ வந்திருந்தார்! அவருடைய ‘வேர்க்காப்பு’ என்ற செப்பு வளையங்களைக் கணுக்கால்களில் மாட்டினால் பூமியின் சக்தி இடுப்புவரை ஏறுமாம். மட்டையை எவ்வளவு வேகமாக வீசினாலும் கால் அசையாதாம்.

நான் மட்டையை வீசினால் இடுப்பு ஒரு பக்கம் போகும், முழங்கால் இன்னொரு பக்கம் போகும், பந்து மட்டும் எங்கேயும் போகாது. ஆகவே முதல் ஆளாக நின்றேன். கல்லூரியில் நான் நடத்துவது இயற்பியல். சிரிக்காதீர்கள்.

வித்தகர் என் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி அழுத்தினார். சரிந்தேன். காப்பை மாட்டிவிட்டு அழுத்தினார். தூணாக நின்றேன். கூட்டம் கைதட்டியது, என் தட்டல்தான் பெரிது.

அதோடு விட்டேனா? மாமனாருக்கும் வாங்கி மாட்டினேன்.

“இனிமே இந்தத் தடி எதுக்கு மாப்பிள்ளை?” என்று கைத்தடியை மூலையில் வீசியவர், மறுநாளே குளியலறை வாசலில் தடுமாறினார். மனைவி பாய்ந்து பிடித்ததால் இடுப்பெலும்பு தப்பியது.

அடுத்த ஞாயிறு அவளும் மைதானத்துக்கு வந்தாள்.

“ஐயா, இவருக்குக் காப்பு மாட்டியிருக்கேனா இல்லையான்னு சொல்லமாட்டேன். கால்சட்டை மறைச்சிருக்கு. நீங்களே அழுத்திப் பார்த்துச் சொல்லுங்க.”

“நம்பிக்கை இல்லாத இடத்துல சக்தி வேலை செய்யாதும்மா.”

“நம்பிக்கைதானே? இவர்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. அழுத்துங்க.”

நான் வித்தகருக்குக் கண்ணால் சாடை காட்டப் பார்த்தேன். மனைவி என் முகத்தில் துண்டைப் போட்டாள்.

அவர் தயங்கித் தயங்கி அழுத்தினார். சரிந்தேன்.

“காப்பு இல்ல!” என்றார் வித்தகர், கம்பீரமாக.

மனைவி என் கால்சட்டையைத் தூக்கினாள். இரண்டு கணுக்காலிலும் செம்பு பளபளத்தது.

“வெளிப்பக்கமா அழுத்தினா யாரா இருந்தாலும் சரிவாங்க. உடம்பைப் பார்த்து அழுத்தினா நிப்பாங்க. அவ்வளவுதான் இந்தக் காப்போட சக்தி” என்றவள், பக்கத்திலிருந்த கோல்ஃப் சங்கச் செயலாளரின் கையை இரண்டு விதமாகவும் அழுத்திக் காட்டினாள். காப்பே இல்லாத காலோடு மனிதர் ஒருமுறை சரிந்தார், ஒருமுறை நின்றார். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் வித்தகர் வண்டியைக் கிளப்பியிருந்தார். அந்தக் கால்களுக்கு மட்டும் வேர் இல்லை போலும்!

மாமனார் தடியை எடுத்துக்கொண்டார். நான் கண்ணாடி முன் நின்று முழங்காலை மடக்கப் பழகுகிறேன்.

பூமி எல்லோரையும் இலவசமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஆடுகிற கால்களைப் பயிற்சியால் நிறுத்திக்கொள்ளலாம். ஆடாமல் அசையாமல் வைத்திருக்கிறோமே மூளை, அதை எப்போது ஆட்டிப் பார்க்கப் போகிறோம்?