புனித வெள்ளி முட்டை

புனித வெள்ளி பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு யூடோரா தன்னுடைய சவப்பெட்டியைப் பார்த்தாள்.

அது ஒரு கண்ணாடி கிளாஸுக்குள் நின்றது. வெள்ளையாக, தலைப் பக்கம் அகன்று, கால் பக்கம் குறுகி.

"கிளெம்," என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

கணவன் கிளெம் வாயில் மீன் வடையோடு சமையலறையிலிருந்து வந்தான்.

புனித வெள்ளி உச்சிவேளைக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டு வெயிலில் வைக்க வேண்டும். மாலைக்குள் அது ஓர் உருவம் எடுக்கும். கப்பல் என்றால் பயணம். தேவாலயம் என்றால் கல்யாணம். சவப்பெட்டி என்றால் சவப்பெட்டி. கிரெனடாவில் இருந்தவரை யூடோரா இதைத் தவறவிட்டதில்லை. புரூக்ளினுக்கு வந்த இருபத்தாறு வருடத்திலும் தவறவிட்டதில்லை. தேவாலய விருந்துக்குக் கொண்டுபோகும் பாத்திரங்களுக்குச் செய்வதுபோல, கிளாஸின் அடியில் டேப் ஒட்டிப் பெயரும் எழுதிவிடுவாள். விதிக்கு ஆள் மாறிவிடக் கூடாது.

இன்றும் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே போகும் இரும்புப் படிக்கட்டின் தட்டில் கிளாஸை வைத்துவிட்டு ஆராதனைக்குப் போனாள். கப்பலை எதிர்பார்த்துத்தான் வைத்தாள். புதன்கிழமை விமானம். சனிக்கிழமை தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் தங்கை மெர்லுக்குக் கல்யாணம். ஐம்பத்தொரு வயதில், முதல் கல்யாணம். மணப்பெண்ணின் உடையைப் பதினோரு வாரம் உட்கார்ந்து யூடோராவே தைத்திருந்தாள். விமானம் என்றாலே அவளுக்குப் பயம். ஒரு கப்பல் வந்தால் தெம்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

"இது சூட்கேஸ்," என்றான் கிளெம். "ஊருக்குப் போறோம்ல. அதான் சூட்கேஸ் வந்திருக்கு."

"சூட்கேஸுக்குத் தோள்பட்டை இருக்குமா?"

கிளெம் குனிந்து பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"மேல் வீட்டுப் புறா வந்து தட்டிவிட்டிருக்கும்."

"புறா தட்டினா சவப்பெட்டி வருமா? அது என்ன தச்சனா?"

மேல் வீட்டு ஃபெர்டினான்டின் படிக்கட்டுத் தட்டு முழுக்கப் புறாக்கள் குடியேறியிருந்தன. அவற்றை விரட்ட அவருக்கு மனமில்லை.

"போட்டோ எடுத்து சிஸ்டர் ஃபிலோமினுக்கு அனுப்பு," என்றாள் யூடோரா. "தொடாம எடு."

சிஸ்டர் ஃபிலோமின் சபையில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். முட்டை பார்ப்பதில் அவளுக்கு மேல் புரூக்ளினில் ஆள் இல்லை. இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"உக்காந்திருக்கியா?"

"நிக்கறேன்."

"உக்காரு."

யூடோரா உட்கார்ந்தாள்.

"மூடிகூட தெரியுதும்மா," என்றாள் சிஸ்டர் ஃபிலோமின்.

"அது யாருக்குன்னு..."

"கிளாஸ் யாரோடதோ அவங்களுக்கு. கிளாஸ் யாரோடது?"

"என்னோடது."

"அப்புறம் என்ன கேள்வி? சரி, யார்கிட்டயும் மூச்சு விடாதே. நானும் விட மாட்டேன்."

கிளெம் கிளாஸை அப்படியே செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டான்.

"தங்க விளிம்பு செட்டு," என்றான் திரும்பி வந்து. "ஆறு வாங்கினோம். கிறிஸ்துமஸுக்கு ஃபெர்டினான்டுக்குப் பானம் கொடுத்தனுப்பின கிளாஸ் இன்னும் வரல. இப்போ இதுவும் போச்சு. மிச்சம் நாலு."

"நானே போகப் போறேன். நீ கிளாஸை எண்ணு."

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் திருமதி ஆந்துவான்.

"கேள்விப்பட்டேன் யூடோரா. மனசே சரியில்ல. எவ்வளவு நல்லவ நீ."

"இன்னும் இருக்கேன் மிஸஸ் ஆந்துவான்."

"ஆமா, ஆமா. அதுக்குள்ள கேட்டுடலாம்னு பார்த்தேன். என் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு ஷூ தந்தேனே. அது உன் பெட்டியிலதானே இருக்கு? நாளைக்கு வந்து எடுத்துக்கட்டுமா?"

ஊருக்குப் போகிறவள் மற்றவர்களின் பொட்டலங்களைச் சுமந்து போவது வழக்கம். அந்த வழக்கம் பின்னோக்கி நடப்பதை யூடோரா முதல் முறையாகப் பார்த்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். பிறகு சூட்கேஸைத் திறந்து அவரவர் வைட்டமின் மாத்திரையையும் வாசிக்கும் கண்ணாடியையும் எடுத்துப் போனார்கள். ஐம்பது பவுண்டு இருந்த பெட்டி மாலையில் பதினெட்டு பவுண்டு.

"டிக்கெட்டை மாத்து," என்றாள் கிளெமிடம். "அந்த விமானம் வேண்டாம்."

கிளெம் ஒன்றரை மணி நேரம் தொலைபேசியில் காத்திருந்து மாற்றினான்.

"வியாழக்கிழமை. மயாமிக்கு ஒண்ணு. அங்கிருந்து பார்படோஸுக்கு ஒண்ணு. அப்புறம் ஒரு குட்டி விமானம். பன்னெண்டு பேருதான் உக்காரலாமாம். ஏறுறதுக்கு முன்னாடி நம்மளையும் எடை போடுவாங்களாம்."

"எதுக்கு எடை?"

"தாங்குமான்னு பார்க்க."

யூடோரா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு விமானத்துக்குப் பயந்து மூணுல ஏறணுமா?" என்றான் கிளெம்.

"சவப்பெட்டி புதன்கிழமை விமானத்துக்கு வந்தது."

"அதுல தேதி போட்டிருந்துச்சா?"

போட்டிருக்கவில்லை. அதை நினைத்து நினைத்து ஈஸ்டர் விருந்தைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தாள். கிளாஸ் அவளுடையது, சரி. உள்ளே போனது முட்டை.

"கிளெம். அந்த முட்டை யாரு வாங்கினது?"

"நான்தான். வியாழக்கிழமை. ஏன்?"

அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முட்கரண்டியை மெல்லக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு கிளெம் குளியல் தொட்டியில் ஏற மறுத்தான். பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து நின்றபடியே குளித்தான். காரைத் தொடவில்லை. தொலைக்காட்சி பார்க்கும்போது தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டான். திங்கள்கிழமை காலை, தான் எந்த விமானத்திலும் ஏறப் போவதில்லை என்று அறிவித்தான்.

"கல்யாணம் உன் தங்கச்சிக்கு. நீ போ."

"தனியாவா?"

"எனக்கு மூச்சு வாங்குது, யூடோரா. நிஜமாவே."

அன்று மத்தியானம் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மெர்ல் கூப்பிட்டாள்.

"அக்கா, உனக்கு சவப்பெட்டி வந்துச்சாமே."

"யார் சொன்னது?"

"மார்க்கெட்ல ஜாதிக்காய் விக்கிற அம்மா. எனக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எடைபோடறப்பவே அழறாங்க."

"மெர்ல், நான்..."

"பேசாம கேளு. நீ வரலைன்னா கல்யாணமே வேண்டாம்னு சொல்லலாம்னு பார்த்தேன். அப்புறம் யோசிச்சேன்."

"என்ன யோசிச்சே?"

"வராதே. டிரெஸ்ஸை மட்டும் அனுப்பு."

அந்தப் பக்கம் பேருந்து ஹாரன் கேட்டது.

"அம்மா போனதுக்கப்புறம் நீதான் என் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போவேன்னு நினைச்சிருந்தேன்," என்றாள் மெர்ல். "பரவால்ல. நீ உயிரோட இரு. அது போதும்."

வருகிறேன் என்று சொல்ல யூடோரா வாயைத் திறந்தாள். "டிரெஸ்ஸை அனுப்பறேன்," என்றாள்.

மாலையில் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தார்கள்.

உடையைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. ஊருக்குப் போகிற நான்கு பேரைக் கேட்டாள். நான்கு பேருக்கும் பெட்டி நிரம்பிவிட்டது. ஒருத்தி மட்டும் நேராகச் சொன்னாள்.

"உன் வீட்டிலேர்ந்து ஒரு நூல்கூட என் பெட்டியில ஏறக்கூடாது. தப்பா எடுத்துக்காதே."

செவ்வாய்க்கிழமை கிளெம் வாசலிலிருந்து ஓடி வந்தான். மூச்சு வாங்குவதை மறந்துவிட்டிருந்தான்.

"ஃபெர்டினான்ட் ஊருக்குப் போறாராம்! நாளைக்கு!"

"அவரா? பதினாலு வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்றவரா?"

"அவரேதான். நாம விட்ட விமானம். நாம விட்ட சீட்டுதான் கிடைச்சிருக்கும் போல. டிரெஸ்ஸைக் கொண்டுபோறேன்னு சொல்லிட்டாரு."

"சவப்பெட்டி விஷயம் அவருக்குத் தெரியாதா?"

"காது மந்தம். தெருவே பேசுது, அவர்கிட்ட மட்டும் யாரும் கத்திச் சொல்லல."

யூடோரா உடையை மெல்லிய தாளில் மடித்து அட்டைப் பெட்டியில் வைத்தாள். ஒரு சீட்டில், கழுத்துப் பட்டனை யார் போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று எழுதினாள். தான் போட வேண்டிய பட்டன். சீட்டை இரண்டு முறை கிழித்து எழுத வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை ஃபெர்டினான்ட் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தொப்பி, பளபளக்கும் ஷூ. எழுபத்திரண்டு வயதுக்கு மாப்பிள்ளைபோல் இருந்தார். ஒரு கையில் சூட்கேஸ். இன்னொரு கையில் தங்க விளிம்பு வைத்த கிளாஸ்.

"குட்மார்னிங் மிஸ் யூடோரா!" காது கேளாதவர்களின் உரத்த குரல். "பெட்டியைக் கொடுங்க. டாக்ஸி கீழ நிக்குது."

யூடோரா அட்டைப் பெட்டியை அவரிடம் நீட்டினாள். விரல்கள் விடவில்லை. அவர் மெல்ல இழுத்து வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி கையிலயே கொடுத்துடறேன். கவலைப்படாதீங்க. ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? விமானத்துக்குப் பயமா? எனக்கும்தான் பதினாலு வருஷமா பயம். வெளியில சொன்னதில்ல."

"இப்போ இல்லையா?" கிளெம் அவர் காதருகில் கத்தினான்.

"துளிகூட இல்ல! வெள்ளிக்கிழமை முட்டை வெச்சேன். என் தட்டுல புறாவெல்லாம் குஞ்சு பொரிச்சிருக்கு. அதனால இரும்புப் படியில இறங்கி வந்து உங்க தட்டுல, உங்க கிளாஸுக்குப் பக்கத்துலயே வெச்சேன். நீங்க கோயில்ல இருந்தீங்க. மழை வர மாதிரி இருந்துச்சு, ரெண்டரைக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். கப்பல், மிஸ் யூடோரா! பாய்மரம்கூட விரிஞ்சிருந்தது. மறுநாள் ராத்திரியே டிக்கெட் போட்டுட்டேன்."

கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நல்லது," என்றாள் யூடோரா. கிளெம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தாங்க, உங்க கிறிஸ்துமஸ் கிளாஸ். நாலு மாசமா வெச்சுக்கிட்டேன், தப்பா நினைக்காதீங்க. நல்லாக் கழுவிட்டேன், பாருங்க."

அவர் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். காட்டியவர் நின்றார். சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடியிலிருந்த டேப்பை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

ஹாரன் மறுபடியும் அடித்தது.

"உங்க பேரு எழுதியிருக்கே. நான் வெச்ச கிளாஸ்ல பேரு இல்லையே," என்றார் ஃபெர்டினான்ட். "அப்போ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன் போல. என்னோடது உங்ககிட்டதானே இருந்துச்சு, மிஸ் யூடோரா? அதுல என்ன வந்துச்சு?"