காலுக்கு வேண்டிக்கொண்டு காலால் ஏறியது

நகரிக்குப் பக்கத்து ஊர்,
சித்தூர் ஜில்லா.
(ஆந்திராவா மெட்ராஸா என்று இன்னும் முடிவாகவில்லை. பதில் போடுவதற்குள் மாறிவிட்டாலும் தபால்காரர் மாறமாட்டார்.)

மதிப்பும் அன்பும் நிறைந்த தாட்சாயணி சித்திக்கு, அக்காள் மகள் செல்லியம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நைனா, அம்மா, தம்பி, இரண்டு மாடுகள் எல்லோரும் நலம். நான் முழங்காலுக்கு மேலே நலம். வேலூரில் தாங்களும், ஆஸ்பத்திரியில் தங்கள் கையால் ஊசி போட்டுக்கொள்பவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குத் திரியை உளுந்தளவு குறைத்து, கணக்கு நோட்டின் நடுத்தாளில் எழுதுகிறேன். நைனா விழித்துக்கொண்டால் கணக்குப் போடுகிறேன் என்று சொல்வதற்காக இடையிடையே சில பெருக்கல்களும் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றைத் தாங்கள் படிக்க வேண்டாம். விடையும் சரியாக இருக்காது.

சித்தி, அந்த வலி திரும்பி வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்து எலும்பின் ஓரமாக, விரலால் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நான் போன மாதம் எழுதினேனே, அதே வலி, அதே இடம், இப்போது இரண்டு காலிலும். முதல் தடவை வந்தது என் முட்டாள்தனத்தால். ஜில்லா விளையாட்டுப் போட்டியில் இருநூற்றிருபது கெஜம் ஓட டிரில் மாஸ்டர் ரங்கையா சார் என்னைத் தேர்ந்தெடுத்தார். எல்லையைப் பிரித்தால் அடுத்த வருஷம் நம் ஊர் எந்த ஜில்லாவில் இருக்குமோ, சித்தூருக்காக ஓடுவதென்றால் இந்த வருஷம்தான் என்றும் சொல்லிவிட்டார். "பருகெத்தம்மா, பருகெத்து! அவங்க கோடு போடறதுக்குள்ள நீ ஓடிரு!" என்று அவர் தெலுங்கும் தமிழுமாகக் கத்தியதும், நான் அன்றைக்கே வெறுங்காலோடு பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை மூன்று மைலும் புதுத் தார் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் நொண்டினேன். நைனாவிடம் சொல்ல முடியாது. அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்: "ஓடு, வாணான்னு சொல்லல. ஆனா காலுக்கு ஏதாச்சும் வந்துச்சின்னு வச்சிக்க, சித்தூரும் கெடயாது, இஸ்கோலும் கெடயாது. கால இழுத்துக்கினு நடக்கிற பொண்ண எவன் கட்டிக்கினு போவான்?"

பள்ளிக்கூட விலாசத்துக்குத் தாங்கள் எழுதிய பதிலில் இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். இரண்டு வாரம் ஓடவில்லை. பானைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலையும் மாலையும் காலில் சுற்றினேன். குதிகாலைத் தரையில் ஊன்றிச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மே, செவுத்த எங்க தள்ளிக்கினு போற? அது உங்க தாத்தா கட்டனது" என்றாள். பதினாறாம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. பிறகு தாங்கள் சொன்னபடியே, கடலை பிடுங்கிய நிலத்தின் மெத்தென்ற மண்ணில், முதல் நாள் கொஞ்சம், நாலு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று ஓடினேன். முயல் மாதிரி ஓடினேன் சித்தி. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

தங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். தங்கள் பதில் வரத் தாமதமான அந்த நாலு நாளில் பயந்துபோய், "பெருமாளே, இந்தக் கால் வலி போனால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே உன் மலைக்கு வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அப்போது வாயில் அதுதான் வந்தது. நம் வீட்டில் தலைவலிக்கும் அதுதான், மாடு காணாமல் போனாலும் அதுதான். குணமானது தங்கள் ஈரத்துணியாலா பெருமாளாலா என்று தெரியவில்லை. அவருக்குத் தர வேண்டியதைத் தராமல் போட்டிக்குப் போனால் பாதி ஓட்டத்தில் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டதும், அரைப் பரீட்சைக் கணக்குக்கு என்று சொல்லிவிட்டேன். கணக்கில் முப்பத்தெட்டு. அம்மாவுக்குக் கண்கலங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமையே குடும்பத்தோடு திருப்பதிக்கு ரயிலேறினோம்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. அம்மா படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து, "கணக்குல தேத்தி வுட்டியே, சாமி" என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டு வந்ததால் எனக்கு வேண்டிய மட்டும் ஓய்வு கிடைத்தது. செங்குத்தான முழங்கால் மெட்டில்கூட நான் அசரவில்லை. தரிசனம் முடிந்து, அம்மா பஸ்ஸில் இறங்கலாம் என்றாள். நைனா, "ஏழு மலையும் ஏறனவளுக்கு எறங்கறதுக்கு பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு, நெல்லூர்க்காரர் கூட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். நானும் பின்னாலேயே தாவினேன். பாதி வழியில் எலும்போரம் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில், "பெருமாளே, இந்த வலி போனால் மறுபடியும் நடந்தே" என்று சொல்லி, அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சித்தி, பாதி வேண்டுதல் செல்லுமா?

அது நடந்து மூன்று நாள் ஆகிறது. நைனா முன்னால் நான் நடப்பதே இல்லை. அவர் வரும்போது எங்கே இருக்கிறேனோ அங்கேயே நின்று யோசிக்கிறேன். குடம் தூக்கிக்கொண்டு யோசித்தால் கை வலிக்கிறது. நல்லவேளையாக நைனாவும் வீட்டுக்குள் அதிகம் நடமாடவில்லை. எல்லைக் கூட்டம் என்றால் சோறு துன்னாமல் ஓடுகிறவர், இந்தத் தடவை புத்தூர்க் கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை. கூப்பிட வந்த முனிரத்தினம் மாமாவிடம், "நான் வந்தாதான் கோடு போடுவாங்களா? நீங்க போங்கப்பா" என்று கட்டிலில் இருந்தபடியே சொல்லி அனுப்பினார். இதற்கிடையில் அம்மா விளக்கெண்ணெய் புட்டியைத் தூக்கிப் பார்த்து, பாதி எங்கே என்று கேட்கிறாள். காலில் தேய்க்க நான் எடுத்தது மூன்று உள்ளங்கை அளவுதான். எலி குடித்திருக்கும் என்றேன். மூடி போட்ட புட்டியில் எலி எப்படிக் குடிக்கும் என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போட்டிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. பதினாறு நாளில் ஒரு தடவை குணமான கால் இன்னொரு தடவையும் ஆகும் என்று நம்புகிறேன். பாக்கி பத்து நாளும் மெத்தென்ற மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடினால் சித்தூரில் ஓடிவிடுவேன். ஆனால் நாளை மறுநாள் உழவு மாடு ஓட்டிக்கொண்டு நைனாவோடு வரப்பில் நடந்தாக வேண்டும். அப்போது தெரிந்துவிடும். ஆகையால் தாங்களே நினைத்து எழுதுவதுபோல் நைனாவுக்கு உடனே ஒரு கடிதம் போட வேண்டும். வளர்கிற பிள்ளைகளுக்குக் கால் வலிப்பது உண்டு, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், நொண்டி ஆகாது, பள்ளிக்கூடத்தை நிறுத்தத் தேவையில்லை என்று இங்கிலீஷ் மருந்துப் பெயர் ஏதாவது ஒன்று சேர்த்து எழுதவும். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

தங்களுக்கு ராத்திரி டியூட்டி குறையவும், சீக்கிரம் பெரிய நர்ஸ் ஆகவும் பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
செல்லியம்மா

பின்குறிப்பு: மேலே கேட்ட கடிதத்தைப் போட வேண்டாம். எழுதி முடித்து, காலுக்கு எண்ணெய் எடுக்கப் போனேன். புட்டியைக் காணோம். பின்கட்டில் நைனா வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மே, தூங்காம இன்னா பண்ற?" என்றார். கணக்கு என்றேன். நீங்க இன்னா பண்றீங்க நைனா என்றேன். "எலி" என்றார். புட்டி அவர் கையில் இருந்தது.

கணக்கைக் காட்டு என்று நோட்டை வாங்கிப் பார்த்தவர், கடிதம் முழுவதையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எவன் கட்டிக்கினு போவான் என்ற இடத்தில் இருமினார். முப்பத்தெட்டு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "உங்கம்மாகிட்ட சொல்லிப்புடாத. பஸ்ல எறங்கலாம்னு அவ அப்பவே சொன்னா" என்றார். பிறகு இரண்டு பேரும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு தாத்தா கட்டிய சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றோம். சித்தூருக்கு அவரே கூட்டிப்போகிறாராம், பஸ்ஸில். எனக்குக் கான்வாஸ் பூட்ஸ் வேலூரில் கிடைத்தால் வாங்கி வைக்கச் சொன்னார். கால் அளவுக்குக் கடிதத்தோடு நூல் வைத்திருக்கிறேன். நீளமான நூல் அவருடையது, அதற்கும் ஒரு ஜோடி.

இதை எழுதும்போது அவர் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பி, "பெருமாளே, எம்பொண்ணு மட்டும் செயிச்சிட்டா நடந்தே" என்று ஆரம்பித்தார். ஓடிப்போய் வாயைப் பொத்திவிட்டேன்.