அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்படி

பாறசாலை
கொல்லம் 1130, கார்த்திகை

வடசேரி மைத்துனர் ஸ்ரீ ஈஸ்வரமூர்த்தி பிள்ளை அவர்களுக்குக் கைலாசம் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் தங்கை பகவதி சுகம், குழந்தை சுகம், பசுவும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. வைகாசியில் உங்கள் மகள் கல்யாணத்திலேயே கண்ணாரப் பார்த்தேன்.

அன்று சாம்பார் அண்டாவுக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார்கள், உடம்பு நோவு என்று மறுத்தேன். அத்தனை பேர் முன்னிலையில் நீங்கள், "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மடியாக்கும்" என்றீர்கள். பி.ஏ. படித்தவனைச் சோம்பேறி என்றவர் யார்? முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு தலையணை வைத்து, விடிந்ததிலிருந்து பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்திராத மனிதர். சம்பந்தி கட்டித் தழுவ வந்தபோதும் சூடு பட்டவர்போல் பின்வாங்கினீர்கள். அந்தக் கர்வத்தையும் நான் மறக்கவில்லை.

என் நோவைப் பற்றிக் கேளுங்கள். திங்களன்று தோளில் இருக்கும், செவ்வாயன்று முழங்காலுக்குக் குடிபோகும், மழைக்கு முந்தின நாள் உடம்பெல்லாம் வந்து நிற்கும். தோளில் துண்டு கிடந்தால் அம்மிக்கல் கிடப்பது போலிருக்கும். இரவெல்லாம் தூங்கி எழுந்தால் இரவெல்லாம் உழுத களைப்பு. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். ஒன்றுமில்லாத ஒன்று இத்தனை வலிக்குமா என்று எனக்கே பிரமிப்பு.

இதற்கிடையில் எல்லைப் போராட்டம் வந்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் போலீஸிடம் அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் சந்தைக்கு நொண்டிக்கொண்டு போனதைக் கட்சிக்காரர் வேலாயுதன் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, எங்க வச்சு அடிச்சாவ?"

"என்னை யாரும் அடிக்கல்ல."

"காயம் காணல்லியே. அப்போ உள்ளடியாக்கும். ஈரச்சாக்கைச் சுத்தி அடிச்சா இப்படித்தான்."

"ஓய், நான் அன்னைக்கு வீட்டுல படுத்துக் கிடந்தேன்."

"கேஸ் இருக்குல்லா. ஆரு கேட்டாலும் அப்படியே சொல்லும்."

மறுநாள் பொதுக்கூட்டத்தில் என்னை மேடையேற்றி மாலை போட்டார்கள். நனைத்த செவ்வந்தி மாலை, அத்தான். தோளில் விழுந்ததும் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. "பாருங்க, தமிழுக்காக எப்படி உருகுதாரு" என்றார் வேலாயுதன் மைக்கில். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. டாக்டரும் நீங்களும் நம்பாததை ஊரே நம்பியது, காரணம் மட்டும்தான் தப்பு. மறுவாரம் ஒரு போலீஸ்காரர் வந்து, "சாறே, ஆரா அடிச்சது? ஞங்ஙள் ஆரும் அல்லல்லோ" என்று, தங்களில் யாரும் அடிக்கவில்லையே எனக் கிட்டத்தட்ட அழுதுவிட்டுப் போனார்.

ஆனால் நான் வாய்பிளந்து நிற்பது உங்கள் தங்கையிடம்தான். தவிட்டை வறுத்துத் துணியில் கிழியாகக் கட்டி, நான் வாய் திறப்பதற்கு முன்பே நோகிற இடத்தில் கொண்டு வைக்கிறாள். படுத்துக் கிடக்கவும் விடுவதில்லை, காலையில் குளக்கரை வரை நடத்திக் கூட்டி வருகிறாள். கொஞ்சம் சுகமாக இருக்கும் நாளில் தென்னையைச் சுற்றித் தண்ணீர் நிற்கத் தடம் வெட்டப் போனால் மண்வெட்டியைப் பிடுங்கி வைப்பாள். "நல்லா இருக்க அன்னைக்குத்தான் சூதானமா இருக்கணும். இன்னைக்குத் துள்ளினா நாளைக்குக் கிடப்பிய." வலி போய்விடவில்லை. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை முடிக்க இப்போது தெரிகிறது. இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? உங்கள் குடும்பத்தில் இப்படி ஓர் அறிவு எப்படி வந்து பிறந்தது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம்.

தையில் இங்கே குழந்தையின் காதுகுத்துக்கு வருவீர்கள். எனக்கு மாலை வேண்டாம். எல்லார் காதிலும் விழும்படி, "கைலாசத்துக்கு நோவு உண்டு" என்று நீங்கள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டு வாசல் உங்களுக்கு எல்லைக்கு அப்பால்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு உரியது அந்தச் சொல் திரும்பி வந்த பிறகு.

இப்படிக்கு,
கைலாசம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பகவதிக்குப் படித்துக் காட்டினேன். தலையணை என்ற இடம் வந்ததும் அழத் தொடங்கிவிட்டாள். "கிழியும் நடையும் எல்லாம் நான் அண்ணனுக்குச் செஞ்சு படிச்சதாக்கும். சின்ன வயசுலயே அண்ணனுக்கு இந்த நோவு உண்டு. ஆருட்டயும் சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியாச்சு."

பின்னே என்னை ஏன் மடி என்று சொன்னார் என்று கேட்டேன்.

"அப்பா அண்ணனை அப்படித்தான் சொல்லுவாவ. இந்த நோவுக்கு அண்ணனுக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான்."

அத்தான், யார் முன்னாலும் எதுவும் சொல்ல வேண்டாம். தையில் வாருங்கள். தலையணை கொண்டுவர வேண்டாம், இங்கே நாலு உண்டு.